ஒற்றைக் கம்பியா, இரட்டைக் கம்பியா: டிவைஸ் ட்ரீயில் க்ளாக் உள்ளீட்டுக் கோளாறுகளைப் பிடிப்பது எப்படி?

லினக்ஸ் கர்னலுக்கு ஒரு க்ளாக்கைப் பற்றி, அதாவது சிப்புகளை ஓட்டும் சீரான மின்துடிப்பைப் பற்றி, தெரிந்தது கொஞ்சம்தான். அது எங்கிருந்து வருகிறது, எத்தனை ஹெர்ட்ஸ், ஓடுகிறதா நிற்கிறதா, அவ்வளவே. அந்தத் துடிப்பு போர்டில் ஒரே கம்பியில் வருகிறதா, ஒன்றுக்கொன்று எதிராக ஆடும் இரண்டு கம்பிகளில் வருகிறதா என்பது அதற்குத் தெரியாது, கேட்கவும் கேட்காது. சிப்புக்கோ அது தெரிந்தாக வேண்டும். எடுத்துச் சொல்லும் பொறுப்பு டிவைஸ் ட்ரீயை, அதாவது போர்டில் என்னென்ன எப்படி இணைந்திருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பை, எழுதுகிறவர் தலையில் விழுகிறது. அவர் தவறாகச் சொல்லிவிட்டால் பல நேரம் ஒரு பிழைச் செய்திகூட வராது. போர்டு மட்டும் விதவிதமாக அடம் பிடிக்கும்.

அனலாக் டிவைசஸின் ஏடிஎஃப்4371 என்ற சிப்பை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். 62.5 மெகாஹெர்ட்ஸ் முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் உண்டாக்கித் தரும் சிப் அது. அதற்கு அடிப்படைத் துடிப்பு வெளியிலிருந்து வரவேண்டும். அதைப் பெற இரண்டு கால்கள்: ரெஃப்-பி, ரெஃப்-என். சிங்கிள்-எண்டட் முறையில், அதாவது ஒற்றைக் கம்பியில், 10 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற்கும். டிஃபரன்ஷியல் முறையில், அதாவது இரட்டைக் கம்பியில், 600 வரை போகும். எந்த முறை என்பதைப் பதினாறடிமான எண் 22 கொண்ட ரெஜிஸ்டரின் (சிப்பின் உள்ளே அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) 6ஆம் பிட் தீர்மானிக்கிறது. டிவைஸ் ட்ரீயில் இதைச் சொல்லும் வழி க்ளாக்கின் பெயர்தான். க்ளாக்-நேம்ஸ் பண்பில் க்ளாக்கின் என்று எழுதினால் ஒற்றைக் கம்பி, க்ளாக்கின்-டிஃப் என்று எழுதினால் இரட்டைக் கம்பி. பண்புகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கோப்பில் ரோமன் எழுத்தில்தான் தட்டவேண்டும்.

அறிகுறிகளுக்குள் போகுமுன் ஒரே ஒரு சோதனை. நீங்கள் திருத்திய டிவைஸ் ட்ரீதான் உண்மையில் ஓடுகிறதா? ப்ராக் அடைவின் கீழே டிவைஸ்-ட்ரீ என்ற அடைவு இருக்கும். அதற்குள் உங்கள் சிப்பின் கணுவைத் தேடி, க்ளாக்-நேம்ஸ் கோப்பை கேட் கட்டளையால் படித்துப் பாருங்கள். பூட்லோடர் பழைய கோப்பை வேறு பகிர்விலிருந்து எடுத்துக்கொண்டிருக்க, புதிய கோப்பை மணிக்கணக்கில் திருத்திக்கொண்டிருந்தவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

அறிகுறி: டிரைவர் ஏறவே இல்லை, பிழை எண் -2

-2 என்றால் டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் கர்னல் நிரல், கேட்ட பெயரில் எதுவும் இல்லை என்று பொருள். முதலில் எழுத்துப் பிழையைப் பாருங்கள். க்ளாக்கின்-டிஃப் என்பதன் நடுவில் இருப்பது சிறுகோடு, அடிக்கோடு அல்ல. அடுத்து, பெயர்களும் க்ளாக்ஸ் பண்பில் உள்ள சுட்டிகளும் வரிசை மாறாமல் இணைகின்றனவா என்று பாருங்கள். ஒரே க்ளாக் உள்ள சிப்பில் இது சிக்கல் அல்ல. நான்கு உள்ளீடு உள்ள சிப்பில் அடிக்கடி இடறும்.

பெயர் சரியாகவே இருந்தும் -2 வந்தால் கர்னலின் வயதைப் பாருங்கள். இந்தச் சிப்புக்கான டிரைவர் முதலில் க்ளாக்கின் என்ற ஒரு பெயரை மட்டுமே அறிந்திருந்தது. இரட்டைக் கம்பிப் பெயர் பின்னால் சேர்ந்தது. புதிய டிவைஸ் ட்ரீயைப் பழைய கர்னலோடு சேர்த்தால், கர்னல் பழைய பெயரைத் தேடும், கிடைக்காமல் கைவிரிக்கும். பழைய டிவைஸ் ட்ரீ புதிய கர்னலில் ஓடவேண்டும் என்பது கர்னல் உலகில் சட்டம் போலக் காக்கப்படுகிறது. தலைகீழாக அப்படி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

அறிகுறி: பிழை எண் -517

இது பிழையே அல்ல, காத்திருப்பு. க்ளாக்கைத் தரவேண்டிய சிப்பின் டிரைவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. அது எழுந்தபின் கர்னல் தானே மறுபடி முயலும். கடைசிவரை எழாமல் போனால், டிபக்எஃப்எஸ்ஸில் (கர்னல் தன் உள்நிலையைக் காட்டும் அடைவு) டிவைசஸ்_டெஃபர்டு என்ற கோப்பில் உங்கள் சிப்பின் பெயர் காத்துக்கிடக்கும். அப்போது தேடவேண்டியது தருகிற பக்கத்தில்: அதன் டிரைவர் கர்னலில் சேர்க்கப்பட்டிருக்கிறதா, அதன் ஐ2சி முகவரி சரியா.

டிரைவரை நீங்களே எழுதுகிறீர்கள் என்றால் ஒரு பள்ளம் இருக்கிறது. முதலில் க்ளாக்கின் என்று கேட்கிறீர்கள். பிழை வந்தால் "சரி, க்ளாக்கின்-டிஃப் கேட்டுப் பார்ப்போம்" என்று எழுதிவிடுகிறீர்கள். ஒற்றைக் கம்பிப் போர்டில் க்ளாக் தருபவர் இன்னும் எழவில்லை என்று வையுங்கள். முதல் கேள்விக்கு -517. அதைப் பொருட்படுத்தாமல் இரண்டாவது பெயரைக் கேட்கிறீர்கள். அந்தப் பெயரே இல்லாததால் -2. அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள். "கொஞ்சம் பொறு" என்று வந்த பதில் "இல்லவே இல்லை" என்று மாறிவிட்டது. கர்னல் அதன்பின் முயலாது. இந்தக் கோளாறு ஒருமுறை பூட் செய்தால் வரும், மறுமுறை பூட் செய்தால் வராது. அதுதான் ஆளைக் கொல்லும். முதல் கேள்வியை ஆப்ஷனல் வகைச் செயல்கூறால் கேளுங்கள். பெயர் இல்லை என்றால் அது வெறுமையைத் தரும், காத்திருக்கச் சொன்னால் -517ஐ அப்படியே தரும். வெறுமை வந்தால் மட்டும் இரண்டாவது பெயருக்குப் போங்கள்.

அறிகுறி: 550 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தால் -22, 450 கொடுத்தால் சரி

எல்லை தாண்டிவிட்டீர்கள். ஒற்றைக் கம்பிக்கு 500தான் உச்சம் என்பதை டிரைவர் சோதிக்குமானால் மறுத்துவிடும். சோதிக்காத டிரைவராக இருந்தால் இந்த அறிகுறி வராது. சிப் மட்டும் சொல்பேச்சுக் கேட்காது. போர்டில் உண்மையில் இரண்டு கம்பிகள் போகின்றன என்றால் பெயரை க்ளாக்கின்-டிஃப் ஆக்குங்கள், முடிந்தது. ஒரு கம்பிதான் போகிறது என்றால் பெயரை மாற்றி டிரைவரின் வாயை அடைக்காதீர்கள். அதிர்வெண்ணைக் குறைத்து எழுதுவது அதைவிட மோசம். வெளியீட்டுக் கணக்கு முழுவதும் அந்த எண்ணை நம்பித்தான் போடப்படுகிறது.

அறிகுறி: டிடிபிஎஸ்_செக் புகார் சொல்கிறது

மேக் டிடிபிஎஸ்_செக் என்று ஓட்டினால் உங்கள் டிவைஸ் ட்ரீயை பைண்டிங்கின், அதாவது ஒரு சிப்பின் கணுவில் என்னென்ன பண்புகள் வரலாம் என்ற விதித்தொகுப்பின், யாமல் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும். இந்த விஷயத்தில் வரும் புகார்கள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது, க்ளாக்ஸ் பண்பில் இருக்கவேண்டியதைவிடக் கூடுதல் உறுப்புகள். இரண்டு கம்பி இருப்பதால் இரண்டு க்ளாக் என்று எண்ணி பி-க்கு ஒன்று, என்-க்கு ஒன்று என எழுதிவிடுகிறார்கள். சுற்றுப்படத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினால் கை தானாக அப்படித்தான் போகும். ஆனால் இரண்டு கம்பியும் சேர்ந்தே ஒரு துடிப்பு; கர்னல் பார்வையில் ஒரு க்ளாக். ஒன்றை மட்டும் எழுதுங்கள்.

இரண்டாவது, பைண்டிங்கில் இல்லாத பெயர். கர்னலோடு வரும் யாமல் கோப்பையும் உங்கள் கர்னலின் டிரைவரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வேறு பதிப்பிலிருந்து ஒன்றை மட்டும் கொண்டுவந்திருப்பீர்கள்.

மூன்றாவது, நீங்களே கண்டுபிடித்த பண்பு. "டிஃபரன்ஷியல் இயக்கு" என்ற பொருளில் ஆம்-இல்லை பண்பு ஒன்றைச் சேர்த்திருப்பீர்கள். பைண்டிங் அதை அறியாது. சிப் புதியது, பைண்டிங்கை எழுதப்போவதே நீங்கள்தான் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

ஆம்-இல்லை பண்பு எழுத எளிது, படிக்கக் குழப்பம். அது இல்லாவிட்டால் ஒற்றைக் கம்பி என்று பொருளா, எழுதியவர் யோசிக்கவே இல்லை என்று பொருளா? இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேலும் "இயக்கு" என்று முடியும் பெயர் ரெஜிஸ்டர் பிட்டை நினைவூட்டுகிறது. டிவைஸ் ட்ரீ சொல்லவேண்டியது போர்டில் கம்பி எப்படி ஓடுகிறது என்பதை. எந்த பிட்டை எழுதுவது என்பது டிரைவரின் வேலை.

க்ளாக் பெயராலேயே சொல்லும் முறைக்கு ஏடி7192 நல்ல முன்மாதிரி. அந்த ஏடிசியின் (அனலாக் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சிப்) எம்க்ளாக்1, எம்க்ளாக்2 கால்களுக்கு நடுவே படிகம் ஒன்றை வைக்கலாம்; அல்லது எம்க்ளாக்2 காலுக்கு மட்டும் சிமாஸ் துடிப்பை, அதாவது ஒற்றைக் கம்பியில் வரும் சாதாரண லாஜிக் துடிப்பை, கொடுக்கலாம். பைண்டிங்கில் எக்ஸ்டல், எம்க்ளாக் என்ற இரண்டு பெயர்களில் ஒன்றை எழுதவேண்டும். எதுவும் எழுதாவிட்டால் சிப் தன் உள்ளேயே இருக்கும் 4.92 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்கில் ஓடும். ஏற்கெனவே இருக்கும் பண்பு, புதுச் சொல் ஏதும் தேவையில்லை, என்ன இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இரண்டே வழி உள்ள சிப்புக்கு நான் இதைத்தான் எடுப்பேன்.

மூன்று வழி இருந்தால் பெயர் முறை நெளியும். ஏடிஎம்வி1013 என்ற 24 முதல் 44 கிகாஹெர்ட்ஸ் வரையிலான மைக்ரோவேவ் சிப்பைப் பாருங்கள். அதன் எல்ஓ (லோக்கல் ஆசிலேட்டர்) உள்ளீட்டை இரண்டு கம்பியிலும் கொடுக்கலாம், நேர்ப்பக்கக் கம்பியில் மட்டும் கொடுக்கலாம், எதிர்ப்பக்கக் கம்பியில் மட்டும் கொடுக்கலாம். ரெஜிஸ்டரில் இவற்றுக்கு முறையே 12, 6, 9 என்ற மதிப்புகள். இந்த எண்களை டிவைஸ் ட்ரீயில் எழுதவைத்திருந்தால் எவர் நினைவில் வைத்துக்கொள்வார்? டிஃப், எஸ்இ-பாஸ், எஸ்இ-நெக் என்று மூன்று சொற்களில் ஒன்றை எழுதும் பண்பாக வைத்திருக்கிறார்கள். ஆம்-இல்லை பண்பு இங்கே வந்திருந்தால் மூன்றாவது வழிக்கு இன்னொரு பண்பும், இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன பொருள் என்ற தகராறும் வந்திருக்கும்.

பெயர் முறைக்கும் ஒரு குறை உண்டு, மறைக்கமாட்டேன். இரட்டைக் கம்பிப் பெயர் வருவதற்கு முன் எழுதப்பட்ட டிவைஸ் ட்ரீக்களில் க்ளாக்கின் என்றுதான் இருக்கும், போர்டில் இரண்டு கம்பி இருந்தாலும்கூட. அப்போது அந்த ஒரு சொல்தான் இருந்தது. ஆகவே பழைய கோப்பில் இருக்கும் க்ளாக்கின் என்ற சொல்லை சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த அறிகுறிக்குப் பெரும்பாலும் வேர் அங்கேதான் இருக்கிறது.

அறிகுறி: எல்லாம் சரியாகத் தெரிகிறது, ஆனால் பூட்டு நிலைப்பதில்லை

டிரைவர் ஏறிவிட்டது. அதிர்வெண்ணும் சரி. மேசையில் பிஎல்எல், அதாவது வெளியீட்டை அடிப்படைத் துடிப்போடு பிணைத்து வைக்கும் சுற்று, பூட்டிக்கொள்கிறது. பெட்டிக்குள் வைத்து மூடினால், அல்லது வேறொரு பிரதியில், அவ்வப்போது பூட்டு விலகுகிறது. அல்லது கட்ட இரைச்சல் (ஃபேஸ் நாய்ஸ்) எதிர்பார்த்ததைவிட அதிகம்.

காரணம் பெரும்பாலும் இதுதான்: போர்டில் இரட்டைக் கம்பி, டிவைஸ் ட்ரீயில் ஒற்றைக் கம்பி. இந்தப் பொருத்தமின்மை முற்றிலும் செயலிழக்காது என்பதுதான் அதன் சூழ்ச்சி. இரட்டை மாட்டு வண்டியை ஒற்றை மாட்டை வைத்து ஓட்டுவது போன்றது. சமதரையில் நகரும்; மேட்டில் நின்றுவிடும். எல்விடிஎஸ் என்ற இரட்டைக் கம்பி வகைத் துடிப்பில் ஒவ்வொரு கம்பியும் 1.2 வோல்ட்டை நடுவாகக் கொண்டு ஏறத்தாழ 350 மில்லிவோல்ட் மட்டுமே ஆடுகிறது. இரண்டின் வேறுபாட்டைப் பார்க்கும் உள்ளீட்டுக்கு ஆட்டம் அதைப்போல் இரண்டு மடங்காகத் தெரியும். ஒரு கம்பியை மட்டும் பார்க்கும் உள்ளீடு பெரிய ஆட்டத்தை எதிர்பார்த்திருக்கும், கிடைப்பது பாதி. அதோடு இரண்டு கம்பியிலும் ஒன்றுபோல ஏறும் இரைச்சல் கழிந்துபோகும் நன்மையும் போய்விடுகிறது.

நான் இப்படி ஒரு போர்டோடு மூன்று நாள் போராடினேன். மின்வழங்கியைச் சந்தேகித்தேன், லூப் வடிகட்டியின் மின்தேக்கிகளை மாற்றினேன், கடைசியில் சாலிடர் மீது பழி போட்டேன். டிவைஸ் ட்ரீயில் அந்தக் கணு முந்தைய போர்டிலிருந்து நகலெடுத்தது. முந்தைய போர்டில் ஒற்றைக் கம்பி. கோளாறு நானே ஒட்டிய ஒரு வரியில் இருந்தது.

எப்படி உறுதிசெய்வது? மூன்று இடங்களைப் பாருங்கள். சுற்றுப்படத்தில் ரெஃப்-என் காலிலிருந்து கோடு எங்கே போகிறது? க்ளாக் தரும் சிப்புக்குப் போனால் இரட்டை; ஒரு மின்தேக்கி வழியாகத் தரைக்குப் போனால் ஒற்றை. அடுத்து, டிபக்எஃப்எஸ்ஸில் ஐஐஓ (இந்த வகைச் சிப்புகளுக்கான கர்னல் பிரிவு) அடைவின் கீழ் டைரக்ட்_ரெக்_ஆக்செஸ் என்ற கோப்பு இருக்கும். அதில் பதினாறடிமான 22 என்று எழுதி, திரும்பப் படியுங்கள். வரும் மதிப்பில் பதினாறடிமான 40க்குரிய பிட், அதாவது 6ஆம் பிட், 1 ஆக இருந்தால் சிப் இரட்டைக் கம்பி முறையில் இருக்கிறது. டிவைஸ் ட்ரீ சொன்னது சிப் வரை போய்ச் சேர்ந்ததா என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை. மூன்றாவது ஆசிலோஸ்கோப். ஒரே புரோபை ஒரு காலில் வைத்துவிட்டு "அலை சின்னதாக இருக்கிறது" என்று பதறாதீர்கள். இரட்டைக் கம்பியில் ஒரு கம்பி அப்படித்தான் தெரியும். இரண்டு சேனலில் இரண்டு காலையும் எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். நூறு மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் புரோபின் நீண்ட தரைக் கம்பியே அலையைக் கெடுக்கும். டிஃபரன்ஷியல் புரோப் இருந்தால் அதை எடுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. அதே குடும்பத்தில் மூத்ததான ஏடிஎஃப்4355இன் தரவுத்தாள், 250 மெகாஹெர்ட்ஸ் வரை, வருவது டிஃபரன்ஷியல் துடிப்பாக இருந்தாலும் சிங்கிள்-எண்டட் அமைப்பையே பரிந்துரைக்கிறது. சில வகைப் போலி அலைகள் குறையும் என்பதற்காக. கம்பி ஒன்று சொல்கிறது, பிட் வேறொன்று சொல்கிறது, இரண்டும் சரி! டிவைஸ் ட்ரீயில் பிட்டை எழுதாமல் கம்பியை எழுதவேண்டும் என்று மேலே பிடிவாதம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். கம்பி எப்படி இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரிந்தால், எந்த அதிர்வெண்ணில் எந்த பிட் நல்லது என்று அது முடிவு செய்துகொள்ளும்.

அறிகுறி: பூட்டவே இல்லை, அல்லது தொட்டால் பூட்டுகிறது

மேற்சொன்னதன் மறுபக்கம். போர்டில் ஒற்றைக் கம்பி, டிவைஸ் ட்ரீயில் இரட்டை. உள்ளீடு இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு கால் அந்தரத்தில் தொங்கினால் ஒப்பிடுவதற்கு நிலையான மட்டமே இல்லை. புரோபையோ விரலையோ வைத்ததும் நடத்தை மாறினால் இதைச் சந்தேகியுங்கள். பெயரைத் திருத்துங்கள். திருத்தியபின்னும் பயன்படுத்தாத காலை அந்தச் சிப்பின் தரவுத்தாள் சொல்லும்படி முடித்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். அது மென்பொருளால் தீராது.

அறிகுறி: வெளியீடு சரியாகப் பாதி, அல்லது சரியாக இரண்டு மடங்கு

கம்பியைக் குறை சொல்லாதீர்கள். இருமடங்காக்கியோ வகுப்பானோ தவறாக இருக்கிறது, அல்லது ஃபிக்ஸ்டு-க்ளாக் கணுவில் அதிர்வெண் தவறு. கர்னலின் க்ளாக்குகளைப் பட்டியலிடும் க்ளாக்_சம்மரி கோப்பில் 100 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறதே என்று வாதாடுபவர்களுக்கு: ஃபிக்ஸ்டு-க்ளாக் விஷயத்தில் அந்தக் கோப்பு எதையும் அளப்பதில்லை. நீங்கள் டிவைஸ் ட்ரீயில் எழுதிய எண்ணையே உங்களிடம் திருப்பிச் சொல்கிறது.

அறிகுறி: பெறும் பக்கம் எல்லாம் சரி, இருந்தும் அலை விகாரமாக இருக்கிறது

கம்பிக்கு இரண்டு முனை. தரும் சிப் எஸ்ஐ5341 (க்ளாக்குகளை உண்டாக்கித் தரும் சிப்) போன்றது என்றால் அதன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சிலாப்ஸ்,ஃபார்மேட் என்ற பண்பு உண்டு. 1 என்றால் டிஃபரன்ஷியல், 2 என்றால் குறைந்த மின்திறன் டிஃபரன்ஷியல், 4 என்றால் எல்விசிமாஸ். பெறும் பக்கம் க்ளாக்கின்-டிஃப் என்றும் தரும் பக்கம் 4 என்றும் எழுதினால் கர்னல் வாய் திறக்காது. இரண்டையும் ஒப்பிடும் வழக்கம் அதற்கு இல்லை. இரண்டு காலுக்கும் நடுவே இருக்கும் 100 ஓம் மின்தடை மீது சிமாஸ் துடிப்பு மோதி, ஆசிலோஸ்கோப்பில் அடையாளம் தெரியாத உருவமாக நிற்கும். 3.3 வோல்ட் சிமாஸ் என்றால், பெறும் கால் அவ்வளவைத் தாங்குமா என்பதை போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அதே சிப்பின் எக்ஸ்ஏ, எக்ஸ்பி கால்களில் படிகத்துக்குப் பதிலாக வெளி க்ளாக்கைக் கொடுத்திருந்தால், அதைச் சொல்லத் தனிப் பண்பு இருக்கிறது: சிலாப்ஸ்,எக்ஸ்ஏஎக்ஸ்பி-எக்ஸ்ட்-க்ளாக். அதை எழுத மறந்தால் டிரைவர் அங்கே படிகம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு சிப்பை அமைக்கும்.

அறிகுறி: போர்டில் பி-யும் என்-னும் இடம் மாறிவிட்டன

அறிகுறி என்று எதுவும் பெரும்பாலும் இருக்காது. யாராவது சுற்றுப்படத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள், பிறகு பதற்றம். பிஎல்எல்லுக்குப் போகும் அடிப்படைத் துடிப்பு தலைகீழாகப் போனால் அரைச் சுற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பூட்டு நன்றாகவே பிடிக்கும். இதற்காக பைண்டிங்கில் புதுப் பண்பு சேர்க்கப் புறப்படாதீர்கள். ஜெஸ்டி204பி என்ற அதிவேகத் தரவு இணைப்பில், நேரத்தை ஒத்திசைக்கும் சிஸ்ரெஃப் துடிப்போடு ஒத்துப்போகவேண்டிய க்ளாக் என்றால் மட்டும் அந்த அரைச் சுற்று கணக்கில் வரும். அப்போது தரும் சிப்பில் வெளியீட்டைத் தலைகீழாக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே திருப்புங்கள், இல்லாவிட்டால் அடுத்த போர்டு வரும்வரை அந்தத் தாமதத்தை அமைப்பில் ஈடுகட்டவேண்டியதுதான்.